கால வழுவமைதியும் முன்பணமும்

நன்னூற் பொதுவியலிற் கால வழுவமைதி என்றொரு பகுதி உண்டு. ஒரு காலத்திற்குரிய வினையைப் பிறிதொரு காலத்திற்கு வழங்குதல் வழுவே. ஆயினும் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் நான்கனுள் ஒரு காரணம் பற்றி அது வருமாயின், வழுவென்று தள்ளாமல் அமைத்துக்கொள்க என்பது நன்னூலார் கருத்து. விடுதியில் உண்டுகொண்டிருக்கும் ஒருவன், வாயிலில் நின்று அழைக்கும் தோழனுக்கு, இலையை விட்டு எழாமலே, ‘இதோ வந்துவிட்டேன்’ என்று விடையிறுக்கின்றான், இது விரைவு. ஆண்டு முழுதும் ஏடு தொடாதவன் தேர்வு மண்டபத்துட் புகுவதைக் கண்டு, ‘இவன் தோற்றான்’ என்கின்றோம், இது மிகுதி. மேற்கே முகில் திரண்டு மின்னுவதைக் கண்ட உழவன், துளி விழுமுன்பே, ‘மழை வந்தது’ என்கின்றான், இது தெளிவு. உலக வழக்கில் இயல்பாகவே காலம் பிறழ்ந்து வருவது இயல்பு. இந்நான்கிலும் கேட்பவன் ஏமாற்றமடைவதில்லை. சொன்னவன் உள்ளமும் கேட்டவன் உள்ளமும் ஒன்றுபட்டிருக்கச் சொல் மட்டுமே காலம் பிறழ்ந்தது. வழு அமைதியாவது இதனாலேயே என்று தோன்றுகின்றது.

இந்நான்கினோடு ஐந்தாவதாக ‘விற்பனை’ என ஒன்றை இக்காலத்து வணிகர் சேர்த்துவிட்டனர். இனி ஆகவேண்டியதனை ஆகிவிட்டது போலப் பெயரிட்டு, அதன் விலையை இன்றே பெற்றுக்கொள்ளுதல் மென்பொருள் வாணிகத்திற் பெருவழக்காயிற்று. நம் மாணவருள்ளும், கைப்பேசிச் செயலி ஒன்றிற்கு ஓராண்டுச் சந்தாவை முன்னரே செலுத்தி, உயர்தரச் சந்தாதாரர்க்கென்று கூறப்பட்ட சிறப்புத் திறன்களின் இடத்தில் ‘விரைவில் வரும்’ என்ற இரண்டு சொற்களையே ஆண்டு முழுவதும் கண்டிருந்தோர் உளர். ‘வரும்’ என்பது செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று. அது நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் ஒருங்கே உணர்த்துவது. வாங்கினவன் நிகழ்காலம் என்று கொண்டான். விற்றவன் எதிர்காலம் என்று கொண்டான். பூசல் முழுவதும் அந்த ‘உம்’ விகுதியில் அடங்கிக் கிடக்கின்றது. தமிழ் ஆனர்ஸ் பயில்வார்க்கு மென்பொருளோடு என்ன உறவு என்று நகைப்பார்க்கு இதனையே விடையாகக் கூறலாம்.

முன்பணம் வாங்கிப் பின் பொருள் தருதல் புதிதன்று. நூல் அச்சிடுவோர் நெடுங்காலமாகக் கைக்கொண்ட முறை அது. சீவகசிந்தாமணியை 1887-ஆம் ஆண்டில் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், அதனை வாங்க இசைந்தோரிடம் கையொப்பம் பெறுதற்குத் தாம் முயன்றமையைத் தம் வரலாற்றுள் உரைத்திருக்கின்றார். ஆங்கில நாட்டில் இதற்கு முன்னரே இம்முறை வேரூன்றியிருந்தது. அகராதி செய்து புகழ் பெற்ற சாமுவேல் ஜான்சன், ஷேக்ஸ்பியர் நாடகங்களை உரைக்குறிப்புகளோடு பதிப்பிக்கப் போவதாக 1756-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறிக்கை வெளியிட்டார். 1757-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் நூல் வரும் என்பது வாக்கு. கையொப்பமிடுவார் கொடுக்கவேண்டியது இரண்டு கினி. ஒன்று கையொப்பமிடும்போது, மற்றொன்று நூல் கைக்கு வரும்போது. அந்தப் பண்டிகை வந்து சென்றது. அதன்பின் ஏழு பண்டிகைகளும் வந்து சென்றன. சார்லஸ் சர்ச்சில் என்னும் கவிஞர் 1762-ஆம் ஆண்டில் வெளியிட்ட அங்கதப் பாட்டொன்றில், பணம் பெற்றும் நூல் தாராமையைக் குத்திக்காட்டினார். எட்டுத் தொகுதிகளும் 1765-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் வெளிவந்தன. கையொப்பமிட்டோர் பெயர்ப்பட்டியலை நூலிற் சேர்க்கவில்லையே என்று வினவியவர்க்கு, பெயர்களும் தொலைந்தன, பணமும் செலவாயிற்று என்று ஜான்சன் மறுமொழி கூறியதாக ஒரு வரலாறு வழங்குகின்றது.

எட்டாண்டுத் தாழ்ப்பு சிறிதன்று. ஆயினும் இவ்வழக்கில் இரண்டு செய்திகளை உற்றுநோக்கல் வேண்டும். முதலாவது, விலையிற் பாதி கையொப்பக்காரர் பையிலேயே இருந்தது. தாழ்ப்பினால் வந்த இடர் இருபாலார்க்கும் பங்கிடப்பட்டது. இரண்டாவது, 1765-இல் வந்தது 1756-இற் சொன்ன அதே பொருள். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் என்று சொல்லி வேறொன்றை ஜான்சன் அனுப்பவில்லை. ‘ஷேக்ஸ்பியர்’ என்ற சொல்லின் பொருளையும் இடையில் மாற்றவில்லை. அவர் பதிப்புக்கு எழுதிய முகவுரை இன்றும் ஆங்கில இலக்கியத் திறனாய்வின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகப் பயிலப்படுகின்றது. காலம் பிழைத்ததேயன்றிச் சொல் பிழைக்கவில்லை.

மென்பொருளுக்கு வருவோம். நூலுக்கும் இதற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. அச்சேறிய நூல் வாங்குவான் கையிற் சென்றபின் மாறாது. மென்பொருளும் முதலில் அப்படித்தான் இருந்தது. காந்தத் தட்டில் எழுதிப் பெட்டியில் அடைத்து விற்றனர். பெட்டியில் இருந்ததே பொருள். இணையம் பரவியபின், விற்ற பொருளை விற்றபின்னும் மாற்றலாம், திருத்தலாம், புதியன சேர்க்கலாம் என்றாயிற்று. இது பெரு நன்மையே. பிழையோடு வந்த பொருளை வீட்டிலிருந்தபடியே திருத்திக்கொள்ள முடிகின்றது. ஆனால் திருத்தம் நுழைகின்ற அவ்வாயில் வழியே மற்றொரு வழக்கமும் நுழைந்தது. பின்னர் அனுப்பலாம் என்ற வசதி, பின்னர்ச் செய்யலாம் என்ற துணிவாக முதிர்ந்தது. செய்து முடித்ததனை அனுப்பத் தாழ்த்தல் வேறு. செய்ய இயலுமோ என்று அறியாததனை விற்றல் வேறு. முதலாவது தபாலின் குறை. இரண்டாவதனை என்னென்பது?

இதற்கு அண்மைக் காலத்து எடுத்துக்காட்டுகளுள் மிகப் பெரியது அமெரிக்க நாட்டு டெஸ்லா நிறுவனத்தின் மோட்டார் வண்டியிலே உள்ளது. வண்டி இரும்பாலானதாயினும், ஈண்டு வழக்கிற்கு வந்தது அதனை ஓட்டும் மென்பொருளே. 2016-ஆம் ஆண்டு அக்டோபரில், இனித் தாம் செய்யும் வண்டிகள் யாவும் மனிதன் ஓட்டாமலே தாமே ஓடுதற்கு வேண்டிய கருவிகள் அனைத்தையும் உடையன என்று அந்நிறுவனம் அறிவித்தது. எட்டு ஒளிப்படக் கருவிகளும், பன்னிரண்டு ஒலியலை உணர்கருவிகளும், ஒரு ராடாரும், ஒரு கணிப்பொறியும் அவ்வண்டிகளில் இருந்தன. கருவிகள் இருந்தன, அவற்றை இயக்கும் அறிவு பின்னர் வரும் என்பது பேச்சு. அவ்வறிவை வேண்டுவார் வண்டி விலையின்மேல், ‘மேம்பட்ட ஆட்டோபைலட்’ என்பதற்கு 5,000 டாலரும், அதற்கும் மேலாக ‘ஃபுல் செல்ஃப் டிரைவிங்’ என்பதற்கு 3,000 டாலரும் கொடுக்கவேண்டும். வண்டியைப் பெற்றபின் வாங்கினால் விலை கூடும் என்றும் கூறப்பட்டது. எனவே முன்னரே கொடுத்தவர் பலர்.

விலைக்குறிப்போடு ஒரு சிறு குறிப்பும் இருந்தது. மென்பொருளைப் பலபடச் சோதிக்கவேண்டும், அரசாங்கத்தின் இசைவும் பெறவேண்டும், ஆதலின் எப்பகுதி எப்போது கிடைக்கும் என்று திட்டமாகச் சொல்லல் இயலாது என்பது அதன் கருத்து. நிறுவனத்தார்க்கு நேர்மை செய்ய விரும்புவார் இதனை மறைத்தல் கூடாது. ஆனால் குறிப்பு சிறிய எழுத்திலும் பெயர் பெரிய எழுத்திலும் இருப்பது விளம்பர உலகின் இயற்கை. மனிதர் வாங்குவது பெயரை.

அப்பெயரை இலக்கணக் கண்கொண்டு நோக்குவோம். ‘முழுத் தன்னோட்டம்’ என்று அதனை நாம் தமிழாக்கலாம். ‘ஓட்டம்’ என்பது தொழிற்பெயர். தொழிற்பெயர் காலம் காட்டாது. ‘வண்டி தானே ஓடியது’ என்றால் பொய். ‘ஓடுகின்றது’ என்றாலும் பொய். ‘ஓடும்’ என்றால் ஐயம். ‘ஓட்டம்’ என்றாலோ மூன்று குற்றமும் இல்லை. காலத்தைப் படிப்பவனே தன் ஆசைக்கேற்ப ஏற்றிக்கொள்கின்றான். வழக்கறிஞர் எவரும் இதனினும் பாதுகாப்பான சொல்லைத் தேடித் தந்திருத்தல் அரிது.

பெயர் காலம் காட்டாதாயினும், உடன் வந்த படம் காலம் காட்டிற்று. அவ்வறிவிப்பை ஒட்டி வெளியிடப்பட்ட அசையும் படம் ஒன்றில், வண்டி தெருக்களினூடே தானே சென்று, திரும்பி, நின்று, தன்னை நிறுத்திக்கொள்ளக் காண்கின்றோம். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் சட்டத்தின் பொருட்டே இருக்கின்றார், அவர் ஒன்றும் செய்யவில்லை என்று படத்தின் முகப்பிலே எழுதியிருந்தது. அது நிகழ்காலம் என்பதில் ஐயமில்லை. ஆறாண்டு கழித்து, 2022-ஆம் ஆண்டில், வழக்கொன்றில் அளித்த வாக்குமூலத்தில், அந்நிறுவனத்தின் ஆட்டோபைலட் மென்பொருட் பிரிவின் தலைவர் அசோக் எள்ளுசாமி படம் எடுக்கப்பட்ட வகையை விளக்கினார். அவர் நம் சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்றவர். முன்னரே வரையறுத்த வழியில், அவ்வழிக்கென்று செய்த முப்பரிமாணப் படத்தின் துணைகொண்டே வண்டி சென்றது. ஒத்திகையில் ஒருமுறை வண்டி நிறுத்துமிடத்து வேலியில் மோதவும் செய்தது. அன்று வாங்குவார்க்குக் கிடைத்ததைக் காட்டுவது அப்படத்தின் நோக்கமன்று, செய்யக்கூடியது இது என்று காட்டுவதே நோக்கம் என்பது அவ்வாக்குமூலத்தின் சாரம். 2023 ஜனவரியில் இது செய்தித்தாள்களில் வெளிவந்தது. ‘செய்யக்கூடியது’ என்பதனைச் ‘செய்கின்றது’ என்று காட்டியமையை எவ்வழுவமைதியில் அடக்குவது? விரைவு அன்று, ஏனெனில் ஆறாண்டு ஆயிற்று. தெளிவு அன்று, ஏனெனில் இயலுமோ என்பது செய்வார்க்கே தெளிவாகவில்லை.

முதலிற் பணம் கொடுத்தோர் அடைந்த அலைக்கழிவைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். 2017-ஆம் ஆண்டின் இறுதிக்குள் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வண்டி தானே சென்று காட்டும் என்று நிறுவனத் தலைவர் ஈலான் மஸ்க் கூறியிருந்தார். அவ்வாண்டு கழிந்தது, பயணம் நிகழவில்லை. 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுவனம் விலைகளை மாற்றியமைத்தபோது, அதுவரை இத்திறனை வாங்காதிருந்த பழைய வண்டிக்காரர்க்கு அதனைக் குறைந்த விலைக்குத் தர முன்வந்தது. முந்திக் கொடுத்தால் மலிவு என்ற சொல்லை நம்பினவர்கள், பிந்தினவர்க்கு மலிவு கிட்டியதைக் கண்டு கொதித்தனர். புதிய திறன்களை முதலிற் சோதிக்கும் கூட்டத்தில் உங்களுக்கு இடமளிப்போம் என்பதே அவர்க்குக் கிடைத்த ஆறுதல். அதே ஆண்டு ஏப்ரலில், அடுத்த ஆண்டிற்குள் ஓட்டுநரில்லா வாடகை வண்டிகள் பத்து இலட்சம் தெருவில் இருக்கும் என்று மஸ்க் மொழிந்தார். அதனோடு, முன்னர் வைத்த கணிப்பொறி போதாது, புதிய கணிப்பொறி வேண்டும் என்பதும் வெளிப்பட்டது. முழுத் தொகை கொடுத்தவர்க்கு அப்புதிய கணிப்பொறியை விலையின்றி மாற்றித் தந்தமை நிறுவனத்தின் நற்செயலே. ஆயினும் 2016-இல் ‘வேண்டிய கருவிகள் அனைத்தும் உள’ என்ற சொல் அன்றே பிழைத்துவிட்டது.

சாலை விளக்கைக் கண்டு நிற்கும் திறன் 2020-ஆம் ஆண்டில் வந்தது. நகரத் தெருக்களில் ஓட்டும் மென்பொருள் அவ்வாண்டு அக்டோபரிற் சோதனை நிலையில் ஒரு சிலர்க்கு மட்டும் தரப்பட்டது. பணம் கொடுத்த ஏனையோர் காத்திருந்தனர். 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர்கட்கு ஒரு வழி திறந்தது, அவ்வழி வியப்பானது. சோதனை மென்பொருளை வேண்டுவோர் ஒரு வாரம் தம் வண்டியை ஓட்டிக் காட்டவேண்டும். திடுமென நிறுத்தினாரா, விரைந்து திரும்பினாரா, முன்செல்லும் வண்டியை நெருங்கினாரா என்று வண்டியே கணித்து மதிப்பெண் இடும். நூற்றுக்கு நூறு பெற்றோர்க்கே முதலிற் கொடுக்கப்படும். தேர்வு எழுதிப் பழகிய நமக்கு இதன் சுவை நன்கு விளங்கும். தாமே ஓட்டவேண்டாமை கருதிப் பணம் கொடுத்தோர், நன்றாக ஓட்டத் தெரியும் என்று மெய்ப்பித்தாலன்றிப் பொருளைப் பெறல் இயலாதாயிற்று. பொது வீதியிற் பிறர் உயிர்க்கு ஊறு நேராமைக்கு இக்கட்டுப்பாடு வேண்டியதே எனலாம், மறுப்பில்லை. ஆனால் விற்கும்போது இத்தேர்வைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வட அமெரிக்காவில் பணம் கொடுத்த யாவரும் தேர்வின்றிப் பெறும் நிலை 2022-ஆம் ஆண்டு நவம்பரில்தான் வந்தது. அப்பொழுதும் ஓட்டுநர் கண்ணும் கையும் சாலையினின்று அகலலாகாது.

விலையின் கதை வேறு. 3,000 டாலராக இருந்தது படிப்படியாக ஏறி, 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் 15,000 டாலராயிற்று. 2023-இல் 12,000, 2024 ஏப்ரலில் 8,000 என்று இறங்கிற்று. இடையே 2021 ஜூலையில் மாதச் சந்தா முறையும் வந்தது. முதலில் மாதம் 199 டாலர், 2024 ஏப்ரலில் 99 டாலர். ஒருவர் அந்த 3,000 டாலரைத் தம் கையிலேயே வைத்திருந்து, 2024-ஆம் ஆண்டில் மாதம் 99 டாலராகச் செலுத்தத் தொடங்கியிருப்பின், அது முப்பது மாதத்திற்குப் போதும். 15,000 டாலர் கொடுத்தவரோ அப்பணத்தால் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலும் சந்தா கட்டியிருக்கலாம்; வண்டியே அத்தனை ஆண்டு ஓடுமோ என்பது ஐயம்.

ஈண்டு யாவரினும் இரங்கத்தக்கார் குத்தகைக்கு வண்டி எடுத்தோரே. அந்நாட்டில் மூன்றாண்டுக் குத்தகை பெருவழக்கு. 2016-ஆம் ஆண்டு முடிவில் வண்டி எடுத்து, வரப்போகும் திறனுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தவர், 2019-ஆம் ஆண்டு முடிவில், சாலை விளக்குக்கு நிற்கும் திறனையும் காணாமலே வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விலைக்கு வாங்கினவர்க்கும் ஒரு தளை இருந்தது. பணம் கொடுத்தது மனிதனாயினும், திறன் சேர்ந்தது வண்டியோடு. பழைய வண்டியை மாற்றிப் புதியது வாங்கினால், திறனுக்கு மறுபடியும் விலை கொடுத்தல் வேண்டும். இக்குறை நெடுநாள் முறையிடப்பட்டு, 2023-ஆம் ஆண்டில் ஒரு காலாண்டிற்கு மட்டும், பழைய உரிமையைப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்ள இசைவளிக்கப்பட்டது. அதுவும் புதிய வண்டி வாங்கினால். காத்திருந்தமைக்கு ஈடு பெறுவதற்கு இன்னொரு வண்டி வாங்கவேண்டும் என்பது வணிகத்தின் சாதுரியம்.

இனி, மிகவும் நுட்பமான ஒரு செய்தி நிறுவனத்தின் கணக்கேட்டிலே உள்ளது. முன்பணமாக வந்த தொகையை, பொருள் கொடுக்கப்படாத அளவிற்கு, வருமானமாக எழுதுதல் கூடாது என்பது கணக்கியல் விதி. அதனைக் கடன் போலத் தனியே நிறுத்தி, பொருள் கொடுக்கப்பட்டபின்பே வருமானத்தில் ஏற்றவேண்டும். அவ்விதியைப் பின்பற்றி நிறுவனம் இத்திறனுக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்திருந்தது. 2022 நவம்பரில் வட அமெரிக்காவிற் பரவலாகக் கொடுத்தபின், அவ்வாண்டின் கடைசிக் காலாண்டில் 32 கோடியே 40 இலட்சம் டாலரை வருமானமாக ஏற்றிக்கொண்டது. இதனால் அறியப்படுவது யாது? விளம்பரத்தில் காலங்காட்டாத் தொழிற்பெயரையும், படத்தில் நிகழ்காலத்தையும் வழங்கிய அதே நிறுவனம், கணக்கேட்டில் எதிர்காலத்தைச் சிறிதும் பிறழாமல் வழங்கியிருக்கின்றது. கணக்கருக்கு இலக்கணம் தெரிந்திருந்தது. பங்குதாரர் படிக்கும் ஏட்டில் காலம் பிறழ்ந்தால் சட்டம் தண்டிக்கும். வாங்குவார் படிக்கும் ஏட்டில் அத்துணைக் கடுமை இல்லை. வழுவமைதி வேண்டியிருந்தது ஒரு பக்கத்திற்கு மட்டுமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

விற்றவர் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் நடுநிலை. முன் ஒருவரும் செய்யாததனைச் செய்யப் புகுவார்க்கு நாள் குறித்தல் அரிது. நாள் குறியாவிடின் பணம் வாராது. பணம் வாராவிடின் பொருள் ஆகாது. முதலிற் கொடுப்போர் வெறும் வாங்குவோர் அல்லர், ஒரு முயற்சிக்குத் துணைநிற்போர் என்று கூறுவதுண்டு. ஜான்சனுடைய கையொப்பக்காரரையும் இவ்வாறே கூறலாம். இதில் உண்மை உண்டு. ஆனால் துணைநிற்போர் என்றால் துணைநிற்போர்க்குரிய சிறப்பை அளித்தல் வேண்டும். முயற்சி எங்கே நிற்கின்றது என்று அவர்க்கு முதலில் சொல்லவேண்டும். தோற்றால் பணம் போகும் என்று வாங்கும்போதே சொல்லவேண்டும். துணைவர் என்று சொல்லி இடரை அவர்மேல் ஏற்றி, வாங்குவோர் என்று சொல்லி ஊதியத்தைத் தாம் கொள்ளுதல் இரண்டு நாவுடைமை.

முன்பணம் வாங்கியும் இப்பழிக்கு ஆளாகாமல் மென்பொருள் விற்க இயலுமோ எனின், இயலும். சுவீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சன் என்பார் ‘மைன்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டை 2009-ஆம் ஆண்டில், அரைகுறையாய் இருக்கும்போதே, குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கினார். அரைகுறை என்பதனைப் பெயரிலேயே கூறினார். வாங்கினவர் அன்றே விளையாடினர். 2010-ஆம் ஆண்டு டிசம்பர் 20-க்கு முன் வாங்கினோர்க்குப் பின்வரும் பதிப்புகள் யாவும் விலையின்றிக் கிட்டும் என்பது உறுதிமொழி. 2011 நவம்பரில் முழுப் பதிப்பும் வந்தது. இங்கே விற்றது நிகழ்காலத்தை. எதிர்காலம் கொசுறாக வந்தது. இதற்கு மறுதலையாக, ‘ஸ்டார் சிட்டிஸன்’ என்னும் மற்றொரு விளையாட்டு 2012-இல் மக்களிடம் பணம் திரட்டத் தொடங்கியபோது, 2014-ஆம் ஆண்டில் முடியும் என்றது. 2024-ஆம் ஆண்டிற்குள் திரண்ட தொகை 70 கோடி டாலரைக் கடந்தது. அவ்வாண்டு கழிந்தும் முழுப் பதிப்பு வெளிவரவில்லை. இடைப்பட்ட வடிவங்களை விளையாடுவோர் பலர் உளர், மகிழ்வோரும் உளர். ஆனால் பணம் பெருகப் பெருக வாக்கும் பெருகிற்று. வாக்குப் பெருகப் பெருக முடிவு தொலைவிற் சென்றது. ஜான்சனுக்குச் செலவழிந்துபோன பணம் ஒரு குறை. இவர்க்குக் குறையாத பணமே குறையாயிற்று எனலாம்.

மீண்டும் அம்மோட்டார் வண்டியின் பெயருக்கு வருவோம். பெயரே வாங்குவாரை மயக்குகின்றது என்று கலிபோர்னிய அரசாங்கத்தின் மோட்டார் வண்டித் துறை 2022-ஆம் ஆண்டு ஜூலையில் அந்நிறுவனத்தின்மேற் குற்றம் சாட்டிற்று. 2024-ஆம் ஆண்டு மார்ச்சில், ‘முழுத் தன்னோட்டம்’ என்பதனோடு ‘மேற்பார்வையுடன்’ என்று பொருள்படும் ஓர் அடைமொழி சேர்க்கப்பட்டது. அடைமொழி இருவகை என்பது நாம் அறிந்ததே. இனத்தைச் சுட்டி வேறு பிரிப்பது ஒன்று, இனம் சுட்டாது வாளா நிற்பது ஒன்று. ‘வெண்டாமரை’ என்றால் வெண்மையல்லாத தாமரையும் உண்டு என்பது பெறப்படும். ‘வெண்டிங்கள்’ என்றால் அவ்வாறு பெறப்படாது. ‘மேற்பார்வையுடன் கூடிய முழுத் தன்னோட்டம்’ என்பதில் உள்ள அடை எவ்வகையது? இனமில்லா அடை எனின், தன்னோட்டம் என்றாலே மேற்பார்வையுடையது என்றாகி, ‘தன்’ என்பதும் ‘முழு’ என்பதும் பொருளிழக்கும். இனமுள்ள அடை எனின், மேற்பார்வை வேண்டாத தன்னோட்டம் ஒன்று வேறாக உண்டு என்பது பெறப்படும். 2016-ஆம் ஆண்டில் 3,000 டாலர் கொடுத்தோர் வாங்கியது அந்த மற்றொன்றையே. ஒரு சொல்லைச் சேர்த்ததனால், கொடுத்தது வேறு, விற்றது வேறு என்று நிறுவனமே எழுதிக் கொடுத்ததாயிற்று.

2025-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், பங்குதாரர்க்கு நிலைமை உரைக்கும் கூட்டத்தில், 2019-இல் வைக்கத் தொடங்கிய கணிப்பொறியும் போதாது, முழுத் தொகை கொடுத்தோர் வண்டிகளில் அதனை மறுபடி மாற்றவேண்டியிருக்கும், அது வருத்தந்தரும் கடினமான வேலை, எனினும் செய்து முடிப்போம் என்று மஸ்க் கூறினார். ‘முடிப்போம்’ என்பது ஐயமற்ற எதிர்காலத் தன்மைப்பன்மை வினைமுற்று. 2016-ஆம் ஆண்டில் வண்டி எடுத்து 2019-ஆம் ஆண்டில் அதனைத் திருப்பிக் கொடுத்த குத்தகைக்காரர் பெயர் அந்த வினைக்கு எவ்வேற்றுமையிலும் ஏற்காது. அவர் கொடுத்த பணத்தோடு வண்டி வேறொருவர் வீட்டு முன்றிலில் நிற்கின்றது.